வாட்டிய கோழியின் மறுநாள்

ஓவனில் முழுதாக வாட்டிய கோழி மேசைக்கு வரும்போது ஒரே உணவாகத் தோன்றினாலும், உணவு வேதியியலின்படி அது தன்மையில் வேறுபட்ட நான்கு பொருள்களின் கூட்டாகும்: ஈரம் வற்றி மொறுமொறுத்த தோல், கொழுப்பு குறைந்த வெளிர்நிற நெஞ்சுக்கறி, கொழுப்பும் இணைப்புத்திசுவும் மிகுந்த கருநிறக் கால்கறி, இம்மூன்றையும் தாங்கி நிற்கும் எலும்புக்கூடு. அடுப்பிலிருந்து இறக்கியது முதல் இந்நான்கும் வெவ்வேறு வேகத்தில் மாறத் தொடங்குகின்றன. தோல் சில மணி நேரத்தில் மொறுமொறுப்பை இழக்கிறது, கறி ஓரிரு நாளில் சுவை திரிகிறது, எலும்போ கொதிநீரைக் காணும்வரை தன்னிடம் உள்ளதை விடாமல் வைத்திருக்கிறது. ஆகவே ஒரு கோழியைக் கொண்டு மூன்று நான்கு வேளை சமைக்க விரும்புபவர் முதலில் அறிய வேண்டியது சமையல் குறிப்புகளை அல்ல. எந்தப் பகுதியை எப்போது, எந்த வடிவில் உண்பது என்னும் வரிசையைத்தான்.

இந்த வரிசையின் பெரும்பகுதியை, வேதியியல் விளக்கம் தருவதற்கு வெகுகாலம் முன்பே, ஐரோப்பிய வீடுகள் பட்டறிவால் கண்டிருந்தன. பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் பெரிய இறைச்சித் துண்டு ஒன்றை வாட்டுவதும், துணி துவைக்கும் நாளான திங்கட்கிழமையில் அடுப்பை வேறு வேலைக்கு விட்டுவிட்டு அதே இறைச்சியைக் குளிர்ந்த நிலையிலேயே வெட்டி உண்பதும், அதன்பின் எஞ்சியதைக் கொத்திக் குழம்பிலோ மாவுப் பண்டத்திலோ சேர்ப்பதும், கடைசியில் எலும்பைச் சூப்புக்கு இடுவதும் பல தலைமுறைகளாக இருந்த வழக்கம். 1861-இல் வெளிவந்த இசபெல்லா பீட்டனின் இல்லப் பராமரிப்பு நூல், ஏற்கெனவே வெந்த இறைச்சியைக் கொண்டு செய்யும் உணவுகளுக்குத் தனி அடையாளமிட்டுச் செய்முறைகள் தந்தது. இரண்டாம் உலகப்போரின்போது 1940-இல் தொடங்கி 1954 வரை நீடித்த இறைச்சிப் பங்கீடு அந்தப் பழக்கத்தைக் கட்டாயமாகவே ஆக்கியது. ஒரே கோழியைப் பல வேளைக்கு இழுத்து நீட்டுவதால் சிக்கனமான பிரிட்டிஷ் வீடுகளில் அதற்கு 'ரப்பர் கோழி' என்ற பட்டப்பெயரும் உண்டு.

ஆனால் அந்தப் பழைய மேசைகளில் பெரும்பாலும் இருந்தது மாடோ ஆடோதான். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வாட்டிய கோழி பண்டிகை உணவாகவே கருதப்பட்டது. முட்டையிட்டு ஓய்ந்த கிழக்கோழிகளே மலிவாகக் கிடைத்தன; அவற்றின் தசையைக் கட்டும் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தில் வயதேற வயதேறக் குறுக்குப் பிணைப்புகள் கூடியிருந்தமையால் மணிக்கணக்கில் வேகவைத்தாலன்றி அவை பல்லுக்கு இணங்கவில்லை. அமெரிக்காவில் 1948-இல் இறுதிச்சுற்று கண்ட 'நாளைய கோழி' என்னும் போட்டி, மார்பு பருத்து விரைந்து வளரும் இனங்களைத் தேடியது. அதன் வழிவந்த பிராய்லர் கோழிகள் இன்று ஏறத்தாழ ஆறு வாரத்தில் 2 கிலோவைத் தாண்டிவிடுகின்றன. அத்தனை இளம் வயதில் கொல்லப்படும் பறவைக்குக் கொலாஜன் இன்னும் இறுகியிருக்காது, எலும்பும் முழுதாகக் கெட்டிப்பட்டிருக்காது. ஒரு மணி நேர வாட்டலில் கறி மெத்தென்று வேகவும், அதே கோழியின் எலும்பு மறுநாள் தாராளமாகச் சாறு விடவும் இந்த இளமையே காரணம்.

எத்தனை வேளை என்ற கணக்கிலும் ஒரு மயக்கம் உண்டு. ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழி வாட்டும்போது நீரையும் கொழுப்பையும் விட்டு ஏறத்தாழ கால்பங்கு எடையை இழக்க, எலும்பு நீக்கிய கறியாகத் தேறுவது அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான். நால்வர் முதல் வேளையிலேயே நிறைவாக உண்டுவிட்டால் மிஞ்சுவது இரண்டு மூன்று கைப்பிடி. அந்தக் கைப்பிடியை மேலும் இரண்டு வேளையாக்குவது உண்மையில் அரிசியும் உருளைக்கிழங்கும் கோதுமை மாவும்தான்; கோழி அங்கே சுவையூட்டியாக நிற்கிறது. அது அவ்வாறு நிற்க முடிவதற்கும் வேதியியல் காரணம் ஒன்று உண்டு. கோழிக்கறியில் இனோசினேட் என்னும் சேர்மம் மிகுதி. வெங்காயம், தக்காளி, கேரட், செலரி போன்றவற்றில் குளூட்டமேட் என்னும் அமினோ அமில உப்பு உண்டு. 1908-இல் ஜப்பானிய வேதியியலர் கிகுனே இகேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து 'உமாமி' என்று பெயரிட்ட ஊன்சுவை குளூட்டமேட்டுக்கு உரியது. பிற்கால ஆய்வுகள், அதனுடன் இனோசினேட் சிறிதளவு சேர்ந்தாலே அந்தச் சுவை கூட்டலாக அன்றிப் பெருக்கலாக உயர்கிறது என்று காட்டின. ஒரு சட்டி காய்கறிச் சோற்றில் கிடக்கும் நூறு கிராம் கோழி, தன் எடைக்கு மீறிச் சுவைப்பது அதனால்தான்.

தோலும் தசையும்

தோலின் மொறுமொறுப்பு வெறும் வறட்சி. ஓவனின் வெப்பத்தில் தோலின் நீர் ஆவியாகி, அதன் அடியில் இருந்த கொழுப்பு உருகி வழிய, அங்குள்ள கொலாஜன் முதலில் ஜெலட்டினாக மாறிப் பின் காய்ந்து கண்ணாடிபோல் உடையும் தன்மையை அடைகிறது. அதே நேரத்தில் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் வறுவல் மணத்தையும் தருகின்றன. 1912-இல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலர் லூயி காமில் மையாரின் பெயரால் அது மையார் வினை எனப்படுகிறது. ஆனால் கறி ஈரமாகவும் தோல் வறண்டும் ஒட்டியிருக்கும் ஏற்பாடு நிலையானது அன்று. சில மணி நேரத்தில் உள்ளிருக்கும் ஈரம் தோலுக்கு ஏறி அதைத் தொய்ந்த சவ்வாக்கிவிடும், குளிர்பதனப் பெட்டி அதைத் தடுக்காது. ஆகவே தோலை முதல் வேளையிலேயே உண்டுவிடுவது நல்லது. மிஞ்சினால் கறியிலிருந்து பிரித்து, எண்ணெய் விடாத வாணலியில் சிறுதீயில் மீண்டும் வறுத்து, வடிந்த கொழுப்பைத் தனியே எடுத்துக்கொள்ளலாம். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் சமையலில் இப்படி உருக்கிய கோழிக்கொழுப்பு சமையல் எண்ணெயின் இடத்திலும், வறுபட்ட தோல் துணுக்குகள் தின்பண்டமாகவும் நெடுங்காலம் பயன்பட்டன.

நெஞ்சுக்கறியும் கால்கறியும் ஒரே பறவையின் தசை என்றாலும் வேலையால் வேறுபட்டவை. பறக்க மறந்த கோழியின் மார்புத் தசை எப்போதாவது ஒரு நொடி சிறகடிக்க மட்டுமே பயன்படுவதால் அதற்கு ஆக்சிஜன் சேமிப்பு வேண்டியதில்லை. நாள் முழுதும் நடக்கும் காலுக்கு வேண்டும். அந்தச் சேமிப்பைச் செய்யும் மயோகுளோபின் என்னும் இரும்புள்ள செம்புரதமே கால்கறியின் கருநிறத்துக்குக் காரணம். வெப்பம் ஏறும்போது தசைப்புரதங்கள் ஒவ்வொன்றாகச் சுருள்கின்றன: 50 டிகிரி செல்சியஸை ஒட்டி மயோசின், 60-ஐத் தாண்டும்போது கொலாஜன் உறைகள், 66 முதல் 80 வரை ஆக்டின். கடைசியில் வரும் ஆக்டினின் சுருக்கம்தான் கறியைப் பிழிந்து நீரை வெளியேற்றிச் சக்கையாக்குகிறது. அமெரிக்க வேளாண் துறை கோழிக்குப் பரிந்துரைக்கும் பாதுகாப்பு வெப்பநிலை 74 டிகிரி. அதை ஒருமுறை தொட்ட நெஞ்சுக்கறி ஏற்கெனவே நீரின் ஒரு பகுதியை இழந்துவிட்டதாகையால் மறுமுறை சூடேற்றும்போது மீதியையும் இழக்கிறது. கால்கறியிலோ கொலாஜன் ஜெலட்டினாக உருகி, இழந்த நீரின் இடத்தில் வழவழப்பைத் தருவதால் இரண்டாம் சூட்டை அது தாங்குகிறது.

இந்த அளவில் நின்றால், நெஞ்சை முதல் நாள் உண்டு கால்கறியை மறுநாளுக்கு வைப்பதே சரி என்று தோன்றும். ஆங்கில மேசையில் நெஞ்சைச் சீவி முதலில் பரிமாறுவதும் அந்த எண்ணத்துக்கு இசைந்ததே. ஆயினும் கொழுப்பின் வேதியியல் இதற்கு எதிராகப் பேசுகிறது.

மறுசூட்டு வாடை

வாட்டிய கோழியை மறுநாள் சூடேற்றும்போது எழும் ஒருவித மந்த வாடை, ஈர அட்டைப்பெட்டியையும் பழைய எண்ணெயின் சிக்கையும் நினைவூட்டுவது. அது கெட்டுப்போனதன் அறிகுறி அன்று. நுண்ணுயிர்களுக்கு அதில் பங்கு இல்லை. 1958-இல் டிம்ஸ், வாட்ஸ் என்னும் ஆய்வாளர்கள் அதற்குத் தனிப் பெயர் சூட்டி வேதியியல் மாற்றமாகவே அதை ஆராய்ந்தனர். தமிழில் அதை 'மறுசூட்டு வாடை' எனலாம். தசைச் செல் ஒவ்வொன்றையும் சூழ்ந்த மெல்லிய சவ்வில் பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பு வகை உண்டு. அதில் ஆக்சிஜனுக்கு எளிதில் இரையாகும் பல்நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. சமைக்கும்போது சவ்வு கிழிந்து அக்கொழுப்பு வெளிப்படுகிறது. மயோகுளோபின் சிதைந்து அதன் இரும்பும் வினைக்குத் துணை நிற்கிறது. பின்னர் குளிர்பதனப் பெட்டியில் இருக்கும்போதுகூடக் காற்றின் ஆக்சிஜன் அக்கொழுப்பைச் சிறு சிறு துண்டுகளாக உடைக்க, ஹெக்சனல் போன்ற எளிதில் ஆவியாகும் ஆல்டிகைடுகள் தோன்றுகின்றன. பச்சை இறைச்சியில் சிக்கு வாடை ஏறப் பல நாள்களோ வாரங்களோ ஆகும். வெந்த இறைச்சியிலோ ஓரிரு நாளே போதும். மாட்டிறைச்சியைவிடக் கோழியிலும், கோழியைவிட வான்கோழியிலும் இது விரைவு, ஏனெனில் பறவைக் கொழுப்பில் பல்நிறைவுறா அமிலங்கள் கூடுதல்.

கால்கறியில் இரும்பும் அதிகம், பாஸ்போலிப்பிடும் அதிகம். ஆகவே மென்மையில் மறுசூட்டைத் தாங்கும் அதே கால்கறி மணத்தில் அதைத் தாங்குவதில்லை, நெஞ்சுக்கறி நேர்மாறானது. இரண்டையும் சேர்த்து எடைபோட்டால், கால்கறியை முதல் வேளையிலேயே சூடாக உண்டுவிட்டு நெஞ்சை மறுநாளுக்குக் குளிர்ந்த உணவாக வைப்பதே சிறந்த வரிசை. குளிர்ந்த கறியிலும் ஆக்சிஜன் வினை நடந்திருக்கும் என்றாலும், ஆல்டிகைடுகள் சூட்டில்தான் ஆவியாகி மூக்கை எட்டுகின்றன என்பதால் குளிர்ச்சியில் அவை அடங்கிக் கிடக்கின்றன; இரண்டாம் முறை நீர் வடியும் இழப்பும் இல்லை. நார்களுக்குக் குறுக்காக மெல்லிதாக அரிந்து, இல்லாத கொழுப்புக்கு ஈடாக மயோனைசையோ தயிரையோ கலந்தால் ரொட்டிக்கு இடையில் வைக்க ஏற்ற உணவாகும். 1953-இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விருந்துக்காக ரோஸ்மேரி ஹியூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் உருவாக்கிய 'முடிசூட்டுக் கோழி' குளிர்ந்த கோழியைக் கறிமசாலைத் தூள் சேர்ந்த மயோனைசில் பிரட்டியதுதான்; அது வாட்டாமல் நீரில் வேகவைத்த கோழியால் ஆனது என்றாலும், பின்னாளில் பிரிட்டிஷ் வீடுகள் அதை மிச்சக் கோழிக்கென்றே வைத்துக்கொண்டன.

கால்கறி மிஞ்சியே தீருமானால் அதைக் காற்றிலிருந்து மறைப்பதே வழி. எலும்பிலிருந்து சூடாறுமுன் பிரித்துச் சாறிலோ குழம்பிலோ மூழ்க வைத்தால் ஆக்சிஜன் அதை எட்டுவது குறைகிறது. கோதுமை மாவை வெண்ணெயில் வறுத்துச் சாறு விட்டுக் கெட்டியாக்கிய வெள்ளைக் குழம்பில் கறியைச் சேர்த்து மேலே மாவுப் போர்வை இட்டுச் சுடும் ஆங்கிலக் கோழிப் பை இவ்வகைக் காப்பின் நல்ல எடுத்துக்காட்டு. வெங்காயத்தின் குவர்செட்டின், ரோஸ்மேரியின் கார்னோசிக் அமிலம், கிராம்பின் யூஜெனால், மஞ்சளின் குர்குமின் ஆகியவை ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள், அதாவது கொழுப்பு உடையும் சங்கிலி வினையை இடையில் அறுப்பவை. மசாலையில் ஊறி, எண்ணெய் மிதக்கும் குழம்பில் மூழ்கிக் கிடக்கும் கறி மறுநாள் சூடேற்றும்போதும் மணமாக இருப்பதும், உப்பும் மிளகும் மட்டும் தூவி வாட்டிய கோழி மறுநாள் மந்தமாவதும் ஏன் என்ற தமிழ் வாசகரின் கேள்விக்கு விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

எலும்பின் மதிப்பு

மனித வரலாற்றில் எலும்பைப் போல் ஒருகாலத்தில் அளவுக்கு மீறி மெச்சப்பட்டுப் பின்னர் அதே அளவுக்கு இகழப்பட்ட உணவுப்பொருள் அரிது. பிரெஞ்சு இயற்பியலர் டெனி பப்பன் 1679-இல் இலண்டனில் அழுத்தப் பாத்திரம் ஒன்றை உருவாக்கி, இறுக மூடிய நீராவியின் வெப்பத்தில் கடினமான எலும்பும் மென்மையாகி ஊன்பசை விடுவதைக் காட்டினார். அந்தப் பாத்திரத்துக்கு அவர் அமைத்த பாதுகாப்பு வால்வின் வழித்தோன்றலே இன்றைய பிரஷர் குக்கரின் மூடியில் இருப்பது. ஏழைகளுக்குச் செலவில்லாமல் ஊட்டம் தரலாம் என்ற நம்பிக்கை அதிலிருந்து வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் வேதியியலர் டார்சே எலும்பிலிருந்து ஜெலட்டினைப் பெருமளவில் எடுக்கும் முறைகளை வகுக்க, மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் இறைச்சிக்குப் பதில் ஜெலட்டின் சூப் வழங்கப்பட்டது. உண்டவர்கள் முறையிட்டனர், அறிவியல் அகாதமி குழு அமைத்தது, ஃபிரான்சுவா மகெந்தியின் தலைமையில் நாய்களுக்கு ஜெலட்டினைக் கொடுத்துப் பல ஆண்டுகள் சோதித்த அக்குழு, ஜெலட்டினை மட்டும் நம்பி உயிர் பிழைக்க இயலாது என்று 1841-இல் அறிவித்தது. காரணம் தெரிய மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. 1901-இல் பிரெடரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸும் சிட்னி கோலும் டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தனர்; உடலால் தானே ஆக்கிக்கொள்ள இயலாத அந்த அமிலம் ஜெலட்டினில் அறவே இல்லை.

இன்று எலும்புச்சாறு மூட்டுவலிக்கும் தோல் பொலிவுக்கும் மருந்தாக விற்கப்படுவதைப் பார்க்கும்போது பாரிஸின் அந்தப் பாடம் மறந்துவிட்டதாகவே தோன்றுகிறது. நடுநிலையாகச் சொன்னால், எலும்புச்சாறு ஊட்டத்தின் களஞ்சியமும் அன்று, வெறும் நீரும் அன்று. கொலாஜனின் மூன்று முறுக்கிழைகள் சூட்டில் பிரிந்து ஜெலட்டினாகி நீரில் கரைவதால் சாறு நாக்கில் கனமாக நிற்கிறது. குளிர்ந்தால் அந்த இழைகள் மீண்டும் ஆங்காங்கே பின்னிக்கொண்டு நீரைச் சிறைப்படுத்திக் கட்டியாகிறது, வாயின் சூட்டில் உருகிவிடுகிறது. எலும்பின் சுண்ணாம்புச்சத்தோ மிகச் சிறிதளவே சாற்றில் இறங்குகிறது. வினிகர் ஒரு கரண்டி விட்டால் அது பெருகும் என்ற நம்பிக்கைக்கு அத்தனை வலு இல்லை. சாற்றில் விழும் கறித்துணுக்கும், உடன் சேரும் பருப்பும் முட்டையும்தான் ஜெலட்டினில் இல்லாத டிரிப்டோபனை நிறைவு செய்கின்றன.

சாறு எடுக்கும் முறை எளிது. வாட்டிய கூட்டை உடைத்து, மூழ்கும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் விட்டு, தளதளவெனக் கொதிக்க விடாமல் ஓரத்தில் மெல்லக் குமிழியிடும் அளவில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் போதும்; பலமாகக் கொதித்தால் உருகிய கொழுப்பு நுண்துளிகளாக உடைந்து ஜெலட்டினால் நீரோடு கலந்து சாறு கலங்கிவிடும். கலங்கல் பொருட்டில்லை என்பவர் பிரஷர் குக்கரில் ஏறத்தாழ 120 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கலாம். ஓவன் தட்டில் ஒட்டிய பழுப்புப் படிவைச் சுரண்டிச் சேர்ப்பது மறக்கக் கூடாதது, மையார் வினையின் பெரும்பங்கு அங்கேதான் கிடக்கிறது.

இந்தச் சாற்றுக்கு ஆங்கிலேயர் கண்ட வடிவங்களில் ஒன்று சென்னை வழியாகச் சென்றது. 'மிளகுத் தண்ணீர்' என்னும் தமிழ்ச் சொல் 'மல்லிகட்டானி' என்று திரிய, ரசம் போன்ற இறைச்சியற்ற நீர்க்குழம்பாக இருந்தது, கோழியோ ஆட்டிறைச்சியோ, வெங்காய வறுவலும் கறிமசாலைத் தூளும் சேர்ந்த கெட்டிச் சூப்பாக மாறியது. 1845-இல் வெளிவந்த எலைசா ஆக்டனின் சமையல் நூலிலேயே அது இடம் பெற்றுவிட்டது. மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய வெள்ளை அலுவலர்களுக்கு அதன் பெயரைக் குறுக்கிய 'மல்' என்பதே பட்டப்பெயராக இருந்தது. மிச்சக் கோழிக்கு இதைவிடப் பொருத்தமான சூப்பைத் திட்டமிட்டும் உருவாக்க முடியாது: எலும்புச்சாறு கனம் தருகிறது, வெங்காயம் குளூட்டமேட்டைத் தருகிறது, மசாலை மறுசூட்டு வாடையை மறைத்தும் தடுத்தும் நிற்கிறது, உடன் பரிமாறும் சோறு வயிற்றை நிரப்புகிறது.

ஆறும் நேரம்

இதுவரை கூறிய அனைத்தும் சுவை பற்றியவை. கோழி ஆறும் நேரத்தில் நிகழ்வதோ உடல்நலம் பற்றியது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்னும் பாக்டீரியம் சூட்டைத் தாங்கும் நுண்வித்துகளாக உருமாறக்கூடியது. சமைக்கும்போது மற்றவை மாண்டாலும் அவ்வித்துகள் பிழைத்து, பெரிய சட்டியில் சாறு மெல்ல ஆறும்போது முளைக்கின்றன. 43 முதல் 45 டிகிரி வரை அவற்றுக்கு மிக உகந்த சூடு; அங்கே ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு இரட்டிப்புகள், அதாவது ஒன்று நாலாயிரத்தைத் தாண்டும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும், வெளிவெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் என்ற அமெரிக்க வேளாண் துறையின் விதி இவ்வகைப் பெருக்கத்தைத் தடுப்பதற்கே. சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் ஆகிய ஊர்களின் கோடைச் சமையலறைகளுக்கு இவ்விதியின் இரண்டாம் பாதியே பொருந்தும். சாற்றை அகன்ற தட்டுகளில் பிரித்து, தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆற்றுவது நேரத்தைப் பெரிதும் குறைக்கும்.

மறுபடி கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் பாதிதான் உண்மை. முளைத்துப் பெருகிய பெர்ஃபிரிஞ்சென்ஸ் கொதியில் சாகும். ஆனால் எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கும் விரல்களிலிருந்து வரக்கூடிய ஸ்டஃபிலோகாக்கஸ் அறையின் சூட்டில் பெருகி நஞ்சை விட்டுவிட்டால், அந்த நஞ்சு கொதிக்கும் நீரிலும் அழிவதில்லை. ஆகவே கை கழுவிய பின் கறியைப் பிரிப்பதும், மிஞ்சியதை உடனே குளிர்விப்பதும், பிரிட்டிஷ் அறிவுரைப்படி இரண்டு நாளுக்குள்ளோ அமெரிக்க அறிவுரைப்படி அதிகபட்சம் நான்கு நாளுக்குள்ளோ உண்டு தீர்ப்பதும், சூடேற்றுவதை ஒருமுறையோடு நிறுத்துவதும் தேவை. அதற்குள் உண்ண இயலாதெனில் சாற்றையும் கறியையும் உறைய வைக்கலாம்.

சாறு வடித்த எலும்பை மறுபடியும் கொதிக்க வைப்பவர்கள் உண்டு. இளங்கோழியின் எலும்பிலிருந்து இரண்டாம் முறை கிடைப்பது வெளிறிய தண்ணீர் மட்டுமே. அந்த எலும்பை நாய்க்குப் போடவும் கூடாது: வாட்டிய கோழியின் நீண்ட எலும்புகள் கூரிய சிம்புகளாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கக்கூடும்.